ரெண்டாம் பாகத்துக்கு ஒரு நட்சத்திரம்

திருத்தங்கலில் வீட்டிலிருந்தபடியே செல்போன் விளையாட்டுகள் உருவாக்கும் ஜெயசுந்தருக்கு அன்று காப்பியே இறங்கவில்லை. அவன் உருவாக்கிய ஒரு விளையாட்டில் பள்ளம் பள்ளமாகத் தாண்டும் ஒரு கழுதை, தவறி விழுந்தால் ஊரையே திட்டித் தீர்க்கும். அந்த விளையாட்டின் ரெண்டாம் பாகத்தைப் போன வாரம்தான் வெளியிட்டிருந்தான். எல்லாரும் ஆகா ஓகோ என்று எழுதியிருக்க, பேச்சியம்மாள் என்ற ஒருத்தி மட்டும் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருந்தாள்.

“அப்படி என்னதான் எழுதியிருக்காக?” என்றாள் மனைவி ஜாஸ்பின்.

“முத பாகத்துல வயிறு வலிக்கச் சிரிச்சாளாம். இதுல முதல் பள்ளத்தையே தாண்ட முடியலையாம். ஓட ஒரு பொத்தான், குதிக்க ஒரு பொத்தான் எதுக்குன்னு கேக்கா. சுத்தச் சோம்பேறி!”

“கோவப்படாம பதில் போடுங்க.”

‘ரெண்டு கையாலயும் பிடிச்சு விளையாடிப் பாருங்க’ என்று எழுதினான். சற்று நேரத்தில் பதில் வந்தது.

‘இன்னொரு கைக்கு எங்க போவேன் தம்பி? அது போன வருசம் பட்டாசு கம்பெனி விபத்துல போயிருச்சு. ஆசுபத்திரியில கிடந்த மூணு மாசமும் உங்க கழுதைதான் என்னைச் சிரிக்க வச்சுது. அதுக்கு ஒரு விரல் போதும்.’

ஜெயசுந்தர் இடக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தன் விளையாட்டை ஆடிப் பார்த்தான். முதல் பள்ளத்திலேயே பதினொரு முறை விழுந்தான்.

“ஜாஸ்பின், இன்னைக்கு சர்ச்சுக்கு நீ மட்டும் போயிட்டு வா” என்று கம்ப்யூட்டரைத் திறந்தான்.

அவள் திரும்பி வந்தபோது, ரெண்டாம் பாகத்துக் கழுதையும் ஒரு விரலுக்கே ஓடிக் குதித்துக்கொண்டிருந்தது.