இடம் மாறி உட்கார்ந்த கட்டி

மறுபடியும் அதே இடத்தில்தான் போய் உட்கார்ந்திருந்தது.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள். நுரையீரல் கட்டிகள் நீலப் புள்ளிகள். கணையக் கட்டிகள் பச்சை. எதெதில் என்னென்ன மரபணு கெட்டிருக்கிறது என்று ஒப்பிட்டு, ஒத்துப்போகிறவற்றைக் கணினி ஒன்றாகக் கூட்டி வைக்கும்.

ஒரு நீலக் கூட்டத்தின் நட்டநடுவில், மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, ஒரே ஒரு பச்சை.

எத்தனையாவது முறை என்பது அவளுக்கே மறந்துவிட்டது. இந்தக் கணக்கை ஆரம்பித்தபோது தவழ்ந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுக் குழந்தை இப்போது நடந்து வந்து அழைப்புமணியை அடிக்கிறது.

அந்த நீலக் கூட்டத்துக்கு மாத்திரை இருக்கிறது. பச்சைக்கு உருப்படியாக ஒன்றும் இல்லை. இந்தப் பச்சை நிஜமாகவே நீலத்துக்குப் பங்காளி என்றால், எங்கோ ஒரு மனிதர் பிழைத்துக் கிடக்க வழி உண்டு.

“டியூப் மாறியிருக்கும்மா. தூக்கிப் போடு” என்றார் சல்லடை.

சல்லடை அந்த ஆய்வகத்தின் தலைவர். துளி சந்தேகம் வந்தாலும் மாதிரியைக் கழித்துவிடுவார். அதனால் வந்த பெயர். முன்பெல்லாம் வாசலில் நின்றால் கதவே தெரியாது. இப்போது பாதிக் கதவு மிச்சமிருந்தது. வீட்டில் சர்க்கரையை நிறுத்திவிட்டார்கள் என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

“மாறலை சார். முதல்லேர்ந்து திரும்பப் பண்ணிப் பாத்துட்டேன்.”

“கூட ரத்தம் வந்துச்சா?”

வரவில்லை. அதுதான் சிக்கல். கட்டித் துணுக்கோடு அதே ஆளின் ரத்தமும் ஒரு குழாய் வர வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால், டியூப் மாறவில்லை என்று அடித்துச் சொல்லலாம். இந்த ஆள் துணுக்கைக் கொடுத்துவிட்டு, ஆராய்ச்சிக்கென்று தனியாக ரத்தம் மட்டும் தரமாட்டேன் என்றிருக்கிறார்.

“என்ன ஜென்மமோ” என்றாள். “வயித்தைக் கிழிக்க விட்டவருக்கு ஒரு ஊசி பெரிசாப் போச்சு.”

ஊசி விஷயத்தில் சல்லடை வாயைத் திறக்க முடியாது. ரத்ததான வண்டி வந்த அன்று கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டவரை வெளியே எடுக்கத் தச்சரைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

“ரத்தமும் இல்லை, கூட்டமும் மாறியிருக்குன்னா கழிச்சிடணும். யாரோடதா இருந்தாலும். நான் போட்ட சட்டம்.”

“ஆள் யாருன்னு தெரிஞ்சா நானே கால்ல விழுந்து வாங்கிட்டு வந்துடுவேன் சார். நமக்கு வெறும் நம்பர்தானே வருது.”

அவளுக்கு வாதாடத் தெம்பில்லை. அழிக்கும் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனாள்.

“இரும்மா.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினார். சட்டைக் கையைச் சுருட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தூக்கிவிட்டதும் அது தோள்வரை ஓடிவிட்டது.

கையை மேசைமேல் நீட்டிவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“கீழேர்ந்து நர்ஸைக் கூப்பிடு. அந்தம்மா வந்ததும் கதவைப் பூட்டிச் சாவியை நீ வச்சுக்கோ. நான் ஓடிடுவேன்.”