எட்டுத் தாயில்

தோள் எரிந்தது.

தடி அழுந்துகிற அதே இடம். இத்தனை வருஷத்தில் அங்கே இப்படி வலித்ததில்லை.

கூடையை இறக்கினார்கள். ஐஸுக்குள் மீன் வால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஈப்போ பாசாரில் மீன் சந்தைச் சந்துக்குள் தள்ளுவண்டி நுழையாது. மூங்கில் தடி, முன்னால் ஒரு ஆள், பின்னால் ஒரு ஆள், நடுவில் கூடை.

பின்னால் நின்ற சன்னாசி சிரித்தான். புது ஆள்.

"என்னண்ணே, மீனு கனக்குதா, வயசு கனக்குதா?"

முன்னால் நின்ற இவன் தோளைத் தடவிக்கொண்டான்.

போன வாரம் வரை பின்னால் நடந்தவன் ஆ லோக். கோழிக்கடை வாசலில் மூச்சு வாங்க உட்கார்ந்தான். அப்புறம் எழவே இல்லை.

எதை எதோடு ஒப்பிட்டாலும் ஆ லோக்குக்கு ஒரே பேச்சுத்தான். இந்தத் தவுக்கே, அந்தத் தவுக்கே, இரண்டு முதலாளியும். மழை, வெயில். புன் கன் பாட் லோங். சீன எடையில் அரைக் கட்டி, எட்டுத் தாயில். பதினாறு தாயில் ஒரு கட்டி என்றால் இரண்டும் ஒன்றுதானே.

"ஒரே குட்டையில ஊறுன மட்டைன்னு சொல்லுடா" என்று இவன் சொல்லிக்கொடுப்பான். ஆ லோக் சொல்லிப் பார்த்து, வாய்க்குள் நுழையாமல் நாக்கைக் கடித்துக்கொள்வான்.

இவன் முட்டி வீங்கிய வருஷம், தவுக்கே வேறு ஆள் தேடினார். ஆ லோக் தன்னையும் இவனையும் காட்டி அதையேதான் சொன்னான். புன் கன் பாட் லோங். இவன் வேலை பிழைத்தது.

அதற்கப்புறம்தான் ஆ லோக்குக்கு இரைக்கத் தொடங்கியது. "சோம்பேறி, நடடா" என்று இவன் முன்னாலிருந்து கத்துவான்.

"கயித்த நடுவுலதாண்ணே கட்டியிருக்கேன். வேணா பாருங்க" என்றான் சன்னாசி.

பார்த்தான்.

நடுவில்தான். அங்கே மூங்கில் தேயவே இல்லை. கயிறு தேய்த்த பள்ளம் ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. ஆ லோக் தன் பழைய பனியனைச் சுற்றிவைத்த பின் முனைப் பக்கம், கூடுதல் சுமை விழும் பக்கம்.

கயிறு கட்டுவது பின்னால் நடப்பவன் வேலை. முன்னால் நடப்பவன் திரும்பிப் பார்ப்பதில்லை.

பள்ளத்தை விரலால் தடவினான். ஒன்றும் தோன்றவில்லை. பசித்தது.

கயிற்றை அவிழ்த்துப் பள்ளத்தில் கட்டினான். பனியன் முனையில் தோளைக் கொடுத்தான்.

"நீ முன்னால போ."

தூக்கினார்கள்.

"என்னண்ணே, லேசா இருக்கு? ரெண்டு பக்கமும் சமந்தானே?"

"புன் கன் பாட் லோங். நட."

தோள் எரிந்தது.

இவன் தோளில் ஏறிய கூடுதல் சுமை சன்னாசிக்காகப் போய்க்கொண்டிருந்தது. ஆ லோக்குக்குப் பட்ட கடன் அப்படியே இருந்தது.