மரியாதை நிமித்தம்

"பொணம் எந்திரிச்சு வர்ற கதை எழுதற ஆளுக்கு எங்க சபையில நாற்காலியா? நல்ல கூத்துய்யா இது!"

எண்பது வயதுக் கவிஞர் வெர்னொல் இருமலுக்கிடையே சிரித்தார். எதிரே, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பவ்வியமாக உட்கார்ந்திருந்தார் கரான்சியே. பாரிஸில் பாதிப் பேரின் தூக்கத்தைக் கெடுத்த திகில் எழுத்தாளர்.

சாகாவரம் பெற்றவர்கள் என்று ஊரே கேலியாகச் சொல்லும் நாற்பது பேரின் இலக்கியச் சபை அது. ஒருவர் போய்ச் சேர்ந்தால்தான் ஒரு நாற்காலி காலியாகும். அதற்கு ஆசைப்படுகிறவர் மீதி முப்பத்தொன்பது பேர் வீட்டுப் படியும் ஏறி இறங்க வேண்டும். வெர்னொலுக்கு அது கொண்டாட்டம். இந்த மாதம் மட்டும் ஏழு பேரை அழாத குறையாக அனுப்பியிருந்தார்.

"வழக்கம் தெரியுமில்ல? ஜெயிச்சு வந்தா, யார் நாற்காலியோ அவரைப் புகழ்ந்து ஒரு மணி நேரம் பேசணும். போன மாசம் செத்தது பிஷப். அவரைப் பத்தி என்ன பேசுவீர்? கல்லறைக்குள்ளேருந்து கதவு தட்டினார்னா?"

"பிஷப்பைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க ஐயா," என்றார் கரான்சியே. "உங்களைப் பத்திச் சொல்லுங்களேன். முதல் கவிதையை எத்தனை வயசுல எழுதினீங்க?"

வெர்னொல் நிமிர்ந்து உட்கார்ந்தார். வந்த ஏழு பேரும் தங்கள் பெருமையைத்தான் அளந்தார்கள். அவர் கவிதையைப் பற்றி யாராவது பேசியே பத்து வருஷம் இருக்கும். மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பிறந்த ஊர், முதல் காதல், அம்மா சுட்ட ஆப்பிள் கேக் என்று கொட்டித் தீர்த்தார். கரான்சியே ஒன்று விடாமல் குறித்துக்கொண்டார்.

வேலைக்காரி உர்சுல் கஷாயத்தோடு வந்தாள். "ரொம்பப் பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க."

"வெறும் சளிக்கு அந்த ஆளு பண்ற அலப்பறை! நீ போடி."

வெர்னொல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உம்மைத் தப்பா நினைச்சுட்டேன்யா. வர்ற வியாழக்கிழமை என் ஓட்டு உமக்குத்தான்!"

"ஐயையோ, அதெல்லாம் வேண்டாங்க!" கரான்சியே நோட்டை மூடிக்கொண்டு எழுந்தார். "வியாழக்கிழமை நான் நிக்கவே இல்லை. உங்க டாக்டர்தான் எனக்கும் டாக்டர். 'அவசரப்படாதீங்க, அடுத்த நாற்காலிக்கு நில்லுங்க'ன்னு அவர்தான் சொன்னார்."