பின்வரிசை

"நாற்காலிக்கெல்லாமாடி பாடம் நடத்துவே?" என்று சிரித்துக்கொண்டே அக்கா வேலைக்குக் கிளம்பினாள்.

தங்கை விண்ணப்பித்திருந்தது பாடம் தயாரித்து நடத்தும் பயிற்சியாளர் வேலைக்கு. நாளை நேர்காணலில் பத்து நிமிடம் நடத்திக் காட்ட வேண்டும். இதற்குமுன் ஐந்து இடங்களில் வேண்டாம் என்றார்கள். ஏனென்று ஒருவரும் சொல்லவில்லை.

ஆளில்லாத வீட்டில் நான்கு நாற்காலிகளைச் சுவரை ஒட்டி ஒரே வரிசையில் போட்டாள். பழைய வேலையின் பழக்கத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு கருத்துப் படிவம் வைத்தாள். தீப்பிடித்தால் வெளியேறுவது எப்படி என்று நடத்தி முடித்துப் படிவங்களை எடுத்தாள். மூன்று வெறுமையாக இருந்தன. நான்காவதில் பென்சிலால் எழுதியிருந்தது: 'பாடம் நன்று. பின்வரிசைக்குக் குரல் எட்டவில்லை.'

பயம்கூட வரவில்லை. இவராவது சொன்னாரே என்றிருந்தது. நாற்காலிகளைச் சுவரிலிருந்து கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுவிட்டு, குரலை உயர்த்தினாள்.

"பின்னாடி இருக்கறவங்களுக்கு இப்பக் கேக்குதா?"