காக்கை அக்கா சொன்ன யோசனை

தூக்கணாங்குருவிகளில் கூடு கட்டுவது ஆண்; பிடித்திருக்கிறதா என்று சொல்வது பெண். ஒரு பெண்குருவிக்குத் தன் காதலன் ஈச்சமரத்தில் கட்டிய கூடு மிகவும் பிடித்துப்போனது. ஆனாலும் எதையும் காக்கையிடம் கேட்டுத்தான் செய்வது அதன் வழக்கம்.

"உடனே சரின்னு சொல்லிடாதேடி. ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லு. அப்பத்தான் உன் அருமை தெரியும்" என்றது காக்கை.

குருவி அப்படியே முதல் கூட்டையும் வேண்டாம் என்றது, அடுத்து அவன் கட்டியதையும் வேண்டாம் என்றது. ஆண்குருவி இரண்டு கூட்டையும் பிய்த்துப் போட்டுவிட்டு, இவளுக்கு என்னதான் பிடிக்கும் என்று காக்கையிடமே போய்க் கேட்டது. "இன்னும் உயரத்தில் கட்டு" என்றது காக்கை. அந்தப் பக்கத்தில் ஈச்சமரத்தைவிட உயரம் மின்கம்பம்தான். அங்கே கட்டப் போன ஆண்குருவி மின்சாரம் தாக்கிக் கருகி விழுந்தது.

துக்கம் கேட்க வந்த குருவிகள் காக்கையைச் சுற்றி உட்கார்ந்து அதற்கு ஆறுதல் சொல்லின. "நல்ல பையன், அவசரக்காரன். நான் கம்பத்துல கட்டுன்னா சொன்னேன்?" என்று விசும்பியது காக்கை.

பெண்குருவிக்கு இறகெல்லாம் சிலிர்த்து எழுந்தது. "வேண்டாம்னு சொன்னது என் வாய். அந்தப் பழியை நான் சாகிற வரைக்கும் சுமப்பேன். ஆனா அக்கா, அந்தக் கம்பத்துல உன் சொந்தக்காரங்க எத்தனை பேர் செத்து விழுந்திருக்காங்க? அதை ஏன் அவன்கிட்ட சொல்லலை?"

காக்கையைச் சுற்றி இருந்த குருவிகள் ஒவ்வொன்றாக வேறு கிளைக்கு மாறி உட்கார்ந்தன.