கண்ணை மூடிக் கேளு

“எல்லாத்துக்கும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னா நான் எதைத்தான் வாங்க?”

காளிராஜ் போட்ட சத்தத்தில் கடைக்காரர் தனுஷ்கோடியே டேப்பை நிறுத்திவிட்டார். வெள்ளத்தாய் மட்டும் அசரவில்லை. கணவனின் முகத்தையே பார்த்தாள்.

“நெசமாவே நல்லாத்தான் இருக்கு. அதான் சொன்னேன்.”

“ஏட்டி, அந்த ரெண்டாவது ஜோடி ஓட்டைத் தகரத்தைத் தட்டுன மாதிரி கத்துச்சு. அதையும் நல்லா இருக்குன்னுட்டியே!”

ராஜபாளையம் தென்காசி ரோட்டில் சின்னக் கடை அது. ஸ்பீக்கர் பெட்டிகளை தனுஷ்கோடியே பிளைவுட்டில் அடித்துக் கொடுப்பார். கம்பெனி விலையில் பாதிகூட ஆகாது. அதனால்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி, வெள்ளத்தாயையும் கையோடு கூட்டி வந்திருந்தார் காளிராஜ். கூட்டி வந்தது தப்போ என்று இப்போது தோன்றியது.

இருபத்திரண்டு வருஷம் பட்டாளம். எல்லையில் பனிக்குள் காவல் நின்றபோதெல்லாம் அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். ஊரில் சின்னதாக ஒரு ரூம் கட்ட வேண்டும். அதில் ஒரு நல்ல செட், ரெண்டு பிரம்பு நாற்காலி. ஒன்றில் அவர், இன்னொன்றில் வெள்ளத்தாய். பேசாமல் உட்கார்ந்து பாட்டுக் கேட்க வேண்டும். வருஷத்துக்கு ரெண்டு மாச லீவில் குடும்பம் நடத்தினவருக்கு வேறென்ன பெரிய ஆசை வந்துவிடும்?

தொண்ணூற்றிரண்டு தையில் ரிட்டயராகி வந்தார். எட்டுக்குப் பத்தில் ரூம் கட்டியாயிற்று, நாற்காலியும் வந்தாயிற்று. வெள்ளத்தாய்தான் உட்காரவில்லை. பழைய டேப் ரிக்கார்டரைப் போட்டால் போதும், “அடுப்புல சோறு கொதிக்கு” என்று எழுந்து போய்விடுவாள். டப்பா சத்தம் பிடிக்கவில்லை போல, நல்ல ஸ்பீக்கர் வாங்கினால் உட்காருவாள் என்று நம்பித்தான் வந்தார். இங்கே பார்த்தால் ரசனை என்பதே மருந்துக்கும் இல்லை!

“விடுங்க அண்ணாச்சி” என்றார் தனுஷ்கோடி. “உங்க ரூமுக்குப் பன்னெண்டு இஞ்ச் வூஃபர் வேண்டாம். சுவருதான் அதிரும், பாட்டு கேக்காது. இந்த ஆறு இஞ்ச் ஜோடியைப் பாருங்க. சுவத்தை விட்டு ஒரு அடி தள்ளி வச்சாப் போதும். மதினி வேலைக்குப் போறாகளா?”

“இருவது வருசமா பஞ்சு மில்லுல, ஸ்பின்னிங்ல நிக்கா. மிஷின் இரைச்சல்ல பக்கத்துல நிக்கவ பேசுறதே கேக்காதாம். காதுல பஞ்சை அடைச்சுக்கிட்டு, வாயசைவைப் பாத்தே ஊர்க்கதை அம்புட்டும் பேசிருவாளுக. அந்தப் பழக்கத்துல வீட்லயும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கா. புது மாப்பிள்ளை கணக்கா எனக்கே கூச்சமா இருக்கு.”

தனுஷ்கோடி சிரித்தார். இருவரும் சிரிப்பதைப் பார்த்து வெள்ளத்தாயும் சிரித்தாள்.

ஆறு இஞ்ச் ஜோடிக்கு வயரை மாட்டினார் தனுஷ்கோடி. கதவைச் சாத்தினார். சத்தம் குறுக்கே வரும் என்று ஃபேனையும் நிறுத்தினார்.

காளிராஜ் மனைவியின் பக்கம் திரும்பினார்.

“செத்த நேரம் கண்ணை மூடிக் கேளு. எங்க மேஜர் அப்படித்தான் கேப்பாரு. அப்பத்தான் பாட்டு உள்ள எறங்கும்.”

“கண்ணை மூடணுமா?” அவள் குரல் ஏனோ உள்ளே போனது. “தொறந்துக்கிட்டே கேக்கேனே.”

“எனக்காக மூடேன்.”

மூடிக்கொண்டாள்.

புல்லாங்குழல் கிளம்பியது. அடடா! ரெண்டு பெட்டிக்கும் நடுவில் ஆளே உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருந்தது. இதற்காகத்தானே அத்தனை வருஷம் காத்துக் கிடந்தார்! மெல்லத் திரும்பிப் பார்த்தார். வெள்ளத்தாய் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். மடியில் விரல் தாளம் போட்டது. காளிராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. இவளையா ரசனை இல்லாதவள் என்று நினைத்தோம்?

பொசுக்கென்று குழல் நின்றது. ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது.

“பாழாப்போன கரண்டு! இப்பத்தான் போகணுமா?” தனுஷ்கோடி சத்தமாகவே சலித்துக்கொண்டார்.

வெள்ளத்தாய் தலையை ஆட்டிக்கொண்டேயிருந்தாள்.

“வெள்ளத்தாயி” என்றார் காளிராஜ். கொஞ்சம் உரக்க இன்னொரு தடவையும் கூப்பிட்டார்.

தாளம் நிற்கவில்லை.

தனுஷ்கோடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். காளிராஜ் கையைக் காட்டித் தடுத்தார். கூடவே இருந்திருந்தால் எப்போதோ தெரிந்திருக்கும். லீவுக்கு வந்து போனவருக்கு எங்கே தெரியும்? சோறு கொதிக்கிறது என்று அவள் எழுந்து போனதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

மெதுவாக அவள் தோளைத் தொட்டார். கண்ணைத் திறந்தவள், வழக்கம்போல அவர் முகத்தைப் பார்த்தாள்.

தொண்டையிலிருந்து ஒரு பொட்டுச் சத்தம் வராமல், உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார்.

“பாட்டு எப்படி இருந்துச்சு?”

“ரொம்ப நல்லா இருந்துச்சுங்க” என்றாள் வெள்ளத்தாய் உடனே. “இந்தப் பெட்டியவே வாங்குங்க. இனிமே தெனமும் உங்க பக்கத்துல உக்காந்து கேக்கேன்.”