இரண்டாவது டப்பா

பிளஸ் டூ மாணவி நிவாஷினி மதிய இடைவேளையில் பள்ளி மொட்டைமாடியில் கொல்லப்பட்டுக் கிடந்தாள். மறுநாள் இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு மாணவியையும் பெற்றோருடன் அழைத்தார். கழுத்தில் தொங்கும் மின்னணுப் பள்ளி அட்டை, யார் எங்கே, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று பதிந்து வைத்திருந்ததை அவர்கள் முன்னாலேயே வாசித்தார். அறையைவிட்டுப் பலர் அழுதுகொண்டேதான் வெளியே வந்தார்கள்.

கௌசிகாவின் முறை வந்தது.

“உன்மேல சந்தேகம் இல்லம்மா. நேத்து நீ பாத்ரூம்லதான் தனியா சாப்பிட்டிருக்க. நேத்து மட்டுமில்ல, வருஷம் பூரா அப்படித்தான். நீ போலாம்.”

அம்மா எழுந்திருக்கவில்லை. “அப்ப உன் ஃபிரெண்டு ஷர்மிலிக்குன்னு தினமும் இன்னொரு டப்பா கட்டச் சொன்னியேடி?”

கௌசிகா குற்றவாளியைப் போலத் தலை குனிந்தாள்.

“ரெண்டையும் நானே சாப்பிட்டேம்மா. மிச்சம் வச்சா நீ கண்டுபிடிச்சிடுவியே.”